சிம்ப்சன்ஸ் சீசன் 5 டிவிடி செட்: ஸ்ட்ரீமிங் இருக்கப்பவும் இத வாங்கலாமா?

சிம்ப்சன்ஸ்ன்ற அமெரிக்க கார்ட்டூன் சீரியல்ல ஒரே ஒரு சீசன் மட்டும் கையில வச்சுக்கலாம்னு சொன்னா நான் கண்ண மூடிட்டு 5ஐ எடுப்பேன். 1993-94ல ஓடினது, 22 எபிசோடு, 4 டிஸ்க். இங்க சிங்கப்பூர்ல செகண்ட் ஹேண்ட் கடையில பத்து வெள்ளிக்குள்ள கெடச்சுது, அட்டை ஓரமெல்லாம் நைஞ்சு போயிருக்கு ஆனா டிஸ்க்ல ஒரு கீறல் கூட இல்ல. டிஸ்னி ப்ளஸ் கட்டிட்டு இருக்கோமே அப்புறம் இதுக்கு ஏன் காசுன்னு தம்பி கேட்டான், கேக்க வேண்டிய கேள்விதான்.

பதில் என்னன்னா கமெண்டரி. ஒவ்வொரு எபிசோடுக்கும் அத எழுதினவங்க, இயக்கினவங்க, சில நேரம் சீரியல உருவாக்கின மேட் க்ரோனிங்கே உக்காந்து படம் ஓட ஓட பேசிட்டே வர்றாங்க. இந்த மாதிரி ஒரு சீரியலுக்கு அது ரொம்ப முக்கியம், ஏன்னா பாதி ஜோக் வேற எதையோ பாத்து வச்சது. நம்ம லொள்ளு சபா மாதிரிதான், ஒரிஜினல் படத்த பாக்காதவனும் சிரிப்பான், பாத்தவன் உருண்டு பொரண்டு சிரிப்பான்.

எடுத்துக்காட்டுக்கு கேப் ஃபியர் எபிசோடு. 1991ல ராபர்ட் டி நீரோ நடிச்ச கேப் ஃபியர் படத்த வச்சு பண்ணினது, அந்த படமே 1962ல வந்த ஒண்ணோட ரீமேக். ஜெயில்லேருந்து வர்ற வில்லன் சைட்ஷோ பாப், சிம்ப்சன் வீட்டு பையன் பார்ட்ட கொல்ல அலையுறான், தியேட்டர்ல சுருட்டு புடிச்சுட்டு சத்தமா சிரிக்கிற சீன் அப்படியே டி நீரோ. இந்த மாதிரி ரவுடி ஆளுங்க ஒரு கை விரல்ல லவ், இன்னொரு கையில ஹேட்னு பச்சை குத்தியிருக்கிறத படங்கள்ல பாத்திருப்பீங்க, இங்கிலீஷ்ல ரெண்டுமே நாலு எழுத்து, ஆனா இந்த கார்ட்டூன்ல யாருக்குமே கட்டைவிரல் போக மூணு விரல்தான். அதனால பாப் கையில எல்-யூ-வி, ஹெச்-ஏ-டின்னு மூணு மூணு எழுத்துதான் இருக்கு, ஹேட்னு படிக்கணுமேன்னு ஏ மேல ஒரு கோடு வேற போட்டிருக்கான். சினிமாவையும் கிண்டல் பண்ணி தங்களோட ட்ராயிங்கையும் கிண்டல் பண்ணி ரெண்டையும் ஒரு செகண்டுல முடிச்சிட்டாங்க. அதே எபிசோடுல பாப் தரையில கெடக்குற, இலை வாருற ரேக்க மிதிச்சு மிதிச்சு மூஞ்சில அடி வாங்குறது ஒம்பது தடவ வரும், எபிசோடு நேரம் பத்தலன்னுதான் அத அவ்வளவு இழுத்தாங்க. மொதல்ல சிரிப்பு வரும், நடுவுல போர் அடிக்கும், அப்புறம் நிறுத்தவே முடியாம சிரிப்போம். இத தெரிஞ்சுட்டு மறுபடி பாத்தா அந்த தைரியத்துக்கே கை தட்டணும்னு தோணுது.

மத்ததெல்லாம் வேகமா சொல்றேன். பணக்கார கெழவன் பர்ன்ஸ் தொலைச்ச கரடி பொம்மைய தேடுற எபிசோடு 1941ல வந்த சிட்டிசன் கேன் படத்தோட கிண்டல். பார்ட்டோட அப்பா ஹோமர் பாட்டு குரூப் ஆரம்பிக்கிறது முழுக்க பீட்டில்ஸ் கதை, கடைசில மொட்ட மாடில பாடுறப்ப கீழ கார்ல போற பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் இதெல்லாம் எப்பவோ பண்ணியாச்சுன்னுட்டு போயிடுவாரு, கொரல் அவரோடதேதான், 1969ல பீட்டில்ஸ் லண்டன்ல மொட்ட மாடில பாடினது தெரியலன்னா அந்த ஒரு வரி சும்மா கடந்து போயிடும். ஹோமர் ஸ்பேஸுக்கு போறதும் இதே சீசன்தான்.

கடை வச்சிருக்க இந்தியரா வர்ற அப்பு விஷயத்த மட்டும் வேகமா தாண்ட முடியாது. நம்ம ஊர்ல ப்ளாக் கீழ மாமா கடைன்னு சொல்ற சின்ன மளிகை கடை வச்சிருந்த குடும்பம் எத்தன, அதனால அப்புவ பாத்தா நமக்கு ஒரு ஒட்டுதல் வருது. இந்த செட்ல ஹோமர் அண்ட் அப்பு எபிசோடு இருக்கு, வேலை போன அப்பு ஹோமரோட இந்தியாவுக்கு போறான், மலை உச்சில சாமியார் மாதிரி உக்காந்திருக்க கடை முதலாளிகிட்ட மூணே கேள்விதான் கேக்கலாம், ஹோமர் நீங்கதான் தலைவரா, நெஜமாவா, நீங்களான்னு மூணையும் தீத்துடுவான். இத இப்பவும் ரசிக்கிறேன். ஆனா ஸ்கூல்ல அப்பு பேசுற ஆக்ஸென்ட்ட வச்சு நம்ம பசங்கள சீண்டினத மறக்கல. அப்புன்ற பேரு சத்யஜித் ரேயோட படங்கள்லேருந்து எடுத்தது, ரேய தெரிஞ்சவங்க கொரலுக்கு ஒரு இந்தியர தேடலன்றது வலிக்குது. அந்த கொரல் அமெரிக்க நடிகர் ஹேங்க் அசாரியா, 2017ல காமெடியன் ஹரி கொண்டபோலு இத பத்தி டாக்குமெண்டரி எடுத்தாரு, 2020ல அசாரியா இனிமே பண்ணலன்னுட்டாரு. இந்த டிவிடி வந்தது 2004, அதனால இந்த பேச்சு எதுவும் கமெண்டரில இருக்காது, அத மனசுல வச்சுட்டு கேளுங்க.

டிஸ்னி ப்ளஸ் மோசம்னு சொல்லல. 2019ல அமெரிக்காவுல ஆரம்பிச்சப்ப பழைய எபிசோட எல்லாம் அகல டிவிக்காக மேலயும் கீழயும் வெட்டிட்டாங்க, சீசன் 4ல ஒரு பீர் கம்பெனில டஃப், டஃப் லைட், டஃப் ட்ரைன்னு மூணு பீர் டாங்க் இருக்கும், மேல பாத்தா மூணுக்கும் ஒரே குழாய்லேருந்து வருது, மேல வெட்டினா குழாய் போச்சு, ஜோக்கும் போச்சு. ரசிகருங்க சத்தம் போட்டதுல 2020 மே மாசம் பழைய டிவியோட 4:3 அளவுல பாக்க வழி வச்சாங்க, 2021ல டிஸ்னி ப்ளஸ் சிங்கப்பூருக்கு வர்றதுக்கு முன்னாடியே சரியாயிடுச்சு. டீடெய்ல்ஸ் பக்கத்துல மாத்திக்கலாம், மாத்தாம பாக்காதீங்க லா. மைக்கேல் ஜாக்சன் கொரல் குடுத்த 1991 எபிசோட 2019ல எடுத்துட்டாங்க, அது அங்க இல்ல, சீசன் 3 பழைய செட் வச்சிருக்கவங்ககிட்டதான் இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி அட்டைக்கு பின்னாடி, எந்த ஊர் ப்ளேயர்ல ஓடும்னு சொல்ற ரீஜன் நம்பர பாருங்க. நமக்கு 3, அமெரிக்க செட் 1, எல்லா ரீஜனும் ஓடுற ப்ளேயர் இல்லன்னா அமெரிக்க செட் ஓடாது. படம் தெளிவுக்காக வாங்கினா ஏமாற்றம்தான், பெரிய டிவில கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது. ஒரு தடவ பாத்துட்டு போறவங்களுக்கு ஸ்ட்ரீமிங்கே போதும். பாஸ் பண்ணி பண்ணி போர்டுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிற ஆளா இருந்தா இத வாங்குங்க, மொதல் தடவ கமெண்டரி இல்லாம கேப் ஃபியர் போடுங்க, அடுத்த நாளே கமெண்டரியோட போடுங்க.