ஃபேன் பிட் டிக்கெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வெளிநாட்டு ராக் பேண்ட் ஒன்று பெங்களூருக்கு வருகிறது என்று அறிவிப்பு வந்து, நீங்கள் ஃபேன் பிட் டிக்கெட்டுக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். நானும் தம்பியும் ஃபேன் பிட்டுக்குத்தான் பணம் கட்டினோம். போய்ப் பார்த்தால் எங்களுக்கும் மேடைக்கும் நடுவில் புதிதாக ஒரு பகுதி முளைத்திருந்தது. நாங்கள் டிக்கெட் வாங்கிய பிறகு உருவாக்கி, எங்கள் டிக்கெட்டைவிட அதிக விலைக்கு விற்ற பகுதி அது. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஏற்பாட்டாளரின் பெயரை எழுதவில்லை. பேண்டின் பெயரும் வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, உயிரைக் கொடுத்து வாசித்தார்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபேன் பிட் என்பது மேடையை ஒட்டிய பேரிகேடில் தொடங்கும் முதல் பகுதி. நாற்காலி கிடையாது, எல்லோரும் நிற்க வேண்டும். அதற்குப் பின்னால்தான் ஜெனரல் டிக்கெட்காரர்கள். எனக்கு உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். 2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா இந்தியாவில் முதன்முதலாக வாசித்தபோது ஜெனரல் பகுதியில் நின்றேன். பாட்டு முழுக்கக் காதில் விழுந்தது, கண்ணில் பட்டதெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகு. அதிலிருந்து காசு சேர்த்தாவது ஃபேன் பிட் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். கிட்டாரிஸ்ட்டின் விரலைப் பார்த்துக்கொண்டே ஒரு சோலோ கேட்பது தனி அனுபவம். அதற்குத்தான் ஜெனரல் டிக்கெட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்கிறோம்.

சென்னை ரசிகர்களுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. 2009-ல் ஐஐடி மெட்ராஸின் சாரங் கலைவிழாவுக்கு ஸ்வீடன் மெட்டல் பேண்ட் ஓபெத் வந்ததுபோல அபூர்வமாக ஏதாவது நடக்கும். மற்றபடி 2007-ல் அயர்ன் மெய்டன் வந்த காலத்திலிருந்தே நமக்கு பெங்களூருதான், இல்லையென்றால் மும்பை. ரயில், ரூம், இரண்டு நாள் லீவு எல்லாம் சேர்ந்தால் டிக்கெட் விலைக்கு ஈடாக இன்னொரு தொகை ஆகிவிடும். "சரி, பிடிக்கவில்லை, திரும்பிப் போய்விடலாம்" என்று வாசலில் நின்று முடிவெடுக்க முடியாது. ஏற்பாட்டாளர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். டிக்கெட் விற்பனை தொடங்கிய நாளில் வாங்கினோம். அன்று தளத்தில் இருந்த மைதான வரைபடத்தில் மேடை, அதையடுத்து ஃபேன் பிட், பின்னால் ஜெனரல், ஓரத்தில் மேடான விஐபி பகுதி என்று தெளிவாக இருந்தது. கச்சேரிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பணக்காரப் பெயரோடு ஒரு புது வகை டிக்கெட் விற்பனைக்கு வந்தது. கூடவே வரைபடமும் மாறியது. எங்களுக்கு மெயில் இல்லை, எஸ்எம்எஸ் இல்லை. ஏற்கெனவே டிக்கெட் வாங்கிவிட்டவர்கள் எதற்காக அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

கேட் திறப்பதாகச் சொன்ன நேரம் மாலை 4 மணி. திறந்தபோது ஏறக்குறைய ஆறு ஆகிவிட்டது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால், ஃபேன் பிட் என்று பலகை மாட்டிய இடம் மேடையிலிருந்து நல்ல தூரத்தில் இருந்தது. முன்னால் சாரம் கட்டி, பலகை அடித்து, மேசை நாற்காலி போட்டு, அந்தப் புது வகை டிக்கெட்காரர்களுக்கு ஒரு மேடான பகுதி. அதன் மேல் ஏறி நிற்பவர்களின் முழங்கால்தான் என் கண் மட்டத்துக்கு வந்தது. பேரிகேடில் நின்ற பவுன்சர் தமிழ்க்காரர். "அண்ணா, எங்களது ஃபேன் பிட் டிக்கெட்" என்றேன். "தெரியும்மா. ஃபேன் பிட் இதுதான். முன்னாடி இருக்கிறது வேற கேட்டகரி" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். ஹெல்ப் டெஸ்க்கில் கேட்டபோது அங்கிருந்த பையன் க்யூஆர் கோடு ஒன்றை நீட்டினான். மீதித் தொகையை அங்கேயே கட்டினால் முன்னால் போகலாமாம். தம்பி சண்டைக்குப் போனான். "அக்கா, ஒரே இடத்துக்கு ரெண்டு தடவை காசு கேக்கிறாங்க" என்றான். அவன் சொன்னதைவிடத் தெளிவாக இதை என்னால் சொல்ல முடியாது. நாங்கள் கட்டவில்லை. எங்கள் கண் முன்னாலேயே எத்தனையோ பேர் கட்டினார்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் நின்ற இடத்தில் ஒலி அருமையாக இருந்தது. சவுண்ட் இன்ஜினியர் எந்த இடத்தில் நின்று கேட்டு மிக்ஸ் செய்கிறாரோ, அந்தக் கன்சோல் கூடாரத்தைச் சுற்றித்தான் பொதுவாக நல்ல சமநிலை கிடைக்கும். ஒலி மட்டும் போதும் என்கிறவர்கள் ஜெனரல் டிக்கெட் வாங்கிக் கன்சோலை ஒட்டி நில்லுங்கள், அதுவே போதும். ஃபேன் பிட் விலை மேடைக்குப் பக்கத்தில் நிற்பதற்கான விலை. அந்த அருகாமையைத்தான் எங்களிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு விற்றுவிட்டார்கள்.

காசைவிட என்னைப் பயமுறுத்தியது நெரிசல். முன்பக்கம் பறிபோனதால் ஃபேன் பிட்டின் பரப்பு சுருங்கிவிட்டது. விற்ற டிக்கெட் குறையவில்லை. ஹெட்லைனர், அதாவது அன்றைய முக்கிய பேண்ட், மேடை ஏறியதும் பின்னாலிருந்து ஒரே தள்ளல். முன்னால் சாரத்தின் இரும்புக் குழாய். ஒரு கட்டத்தில் கையைத் தூக்கக்கூட இடமில்லை, மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. தம்பி இரண்டு கையையும் குழாயில் ஊன்றி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டே நின்றான். ராக் ரசிகர்கள் யாரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1979 டிசம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் 'தி ஹூ' கச்சேரிக்கு வாசலில் முண்டியடித்த கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். இருக்கை எண் இல்லாமல் டிக்கெட் விற்பதையே அந்த நகரம் தடை செய்தது, 2004 வரை அந்தத் தடை இருந்தது. 2000-ல் டென்மார்க்கின் ராஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேடைக்கு முன்னால் 9 பேர் நசுங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே முன்பகுதியைத் தனியாக அடைத்து, இத்தனை பேர்தான் என்று எண்ணி உள்ளே விடும் முறை வந்தது. ஃபேன் பிட்டின் எண்ணிக்கை பாதுகாப்புக் கணக்கு. நம் பக்கத்திலும் 2023 நவம்பரில் கொச்சி குசாட் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு இசை நிகழ்ச்சிக்கு முன் நடந்த நெரிசலில் 4 பேர் போனார்கள். இவ்வளவுக்கும் பிறகு, விற்று முடித்த ஒரு பகுதியின் அளவைப் பாதியில் குறைக்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

கேட்டைத் தாமதமாகத் திறந்ததன் விலையையும் நாங்கள்தான் கொடுத்தோம். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விலக்கு தரலாம். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. தொடக்கத்தில் வாசிக்க வேண்டிய உள்ளூர் பேண்டுக்கு மூன்று பாட்டோடு நேரம் முடிந்தது. ஹெட்லைனர் கடைசிப் பாட்டை முடித்ததும் விளக்கு போட்டுவிட்டார்கள், ரசிகர்கள் கேட்டு மறுபடி வந்து வாசிக்கும் என்கோர் இல்லை.

அப்புறம் அந்த ரிஸ்ட்பேண்ட். உள்ளே ரொக்கமும் செல்லாது, ஜிபேயும் செல்லாது. கையில் கட்டிய பட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றும்போதே அவர்கள் வைத்த தொகையின் மடங்கில்தான் ஏற்ற முடியும், கேட்ட தொகைக்கு முடியாது. நாம் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். தண்ணீர் கடைக்கு வரிசை எவ்வளவு நீளம் என்றால், ஒரு பாட்டில் வாங்க ஓப்பனிங் பேண்டை முழுதாக இழக்க வேண்டும். மீதிப் பணம் திரும்ப வர வேண்டுமானால் சில நாட்களுக்குள் அவர்கள் பக்கத்தில் போய் விண்ணப்பிக்க வேண்டும், அதிலும் ஒரு கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் கெடு முடியும் வரை பிழை என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்களிடம் இப்படி நூறு, இருநூறு மிஞ்சினால் என்ன தொகை ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் முதலில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஏற்றுங்கள்.

மெயில் அனுப்பினோம். "மைதான அமைப்பு மாற்றத்துக்கு உட்பட்டது" என்று நிபந்தனைகளில் இருக்கிறதாம், அந்த வரியை ஒட்டிப் பதில் அனுப்பினார்கள். பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதன் விளக்கத்திலேயே பொழுதுபோக்கும் அடங்கும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்தோம். அது நகராததால் மாவட்ட ஆணையத்துக்குப் போனோம். கச்சேரி பெங்களூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே மனு கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் புகாருக்கு உயிர் கொடுத்தது தம்பியின் போனில் இருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட். யார் யார் எங்கே நிற்கலாம் என்று நண்பர்களோடு பேசுவதற்காக, வாங்கிய அன்றே வரைபடத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். தேதியும் அதிலேயே இருக்கிறது. ஆகவே டிக்கெட் வாங்கும் நாளில் வரைபடம், விலைப்பட்டியல், நிபந்தனைகள் மூன்றையும் படமெடுத்து யாருக்காவது அனுப்பி வையுங்கள். மைதானத்தில் பலகையும் மேடையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். ரிஸ்ட்பேண்டுக்குப் பணம் ஏற்றிய மெசேஜை அழிக்காதீர்கள். புது வகை டிக்கெட் ஏதாவது விற்பனைக்கு வந்தால் உடனே வரைபடத்தைத் திறந்து பார்த்து, மாறியிருந்தால் அன்றைக்கே பணத்தைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேளுங்கள். கச்சேரிக்கு முன்பே கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இருப்பது மனுவுக்குப் பெரிய பலம்.

அன்று எங்களோடு அந்த இரும்புக் குழாய்க்குப் பின்னால் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய வரைபடம் உங்கள் போனிலும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகப் போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. எங்கள் மனு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. கேட்பது இரண்டே: டிக்கெட் விலையில் உள்ள வித்தியாசம், ரிஸ்ட்பேண்டில் மாட்டிக்கொண்ட பணம்.