மானிட்டரில் எழுத்துக்கு நிழல் விழுகிறதா? பேனல் போச்சு என்று சொன்னால் நம்பாதீர்கள்

திருச்சியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் கவுண்டரை இடம் மாற்றினோம். சிபியூ உள்ளே, மானிட்டர் வாசல் பக்கம். பழைய கேபிள் எட்டவில்லை என்று சிபியூவையும் மானிட்டரையும் இணைக்க 5 மீட்டர் விஜிஏ கேபிள் (பழைய வகை வீடியோ கேபிள்) வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்தே ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கத்தில் மங்கலாக ஒரு நிழல். கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

மெக்கானிக்கை அழைத்தேன். வந்து ஒரு நிமிடம் பார்த்தார். "பேனல் போயிடுச்சுண்ணே, மாத்தித்தான் ஆகணும்" என்றார். பேனல் என்றால் படம் தெரியும் அந்தத் திரையேதான். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தார். 3,800 ரூபாய். பில் கேட்டதற்கு அப்புறம் தருகிறேன் என்றார்.

மாட்டிப் பார்த்தால் அதே நிழல். போன் செய்தேன். இப்போது மானிட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டும் போய்விட்டதாம், இன்னும் 1,500 ஆகுமாம்.

அன்று மாலை கடைக்கு வந்த மச்சினன் மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தினான். மெனு எழுத்துகள் பளிச்சென்று இருந்தன, நிழலே இல்லை. அந்த எழுத்துகளை மானிட்டரே உள்ளுக்குள் உண்டாக்குகிறது, கேபிள் வழியாக வருவதில்லை. பேனலில் கோளாறு என்றால் அவற்றுக்கும் நிழல் விழுந்திருக்க வேண்டும். பழைய ஒன்றரை மீட்டர் கேபிளைத் தேடி எடுத்து, சிபியூவைப் பக்கத்தில் வைத்து மாட்டினோம். நிழல் போய்விட்டது.

விஜிஏவில் போவது அனலாக் சிக்னல், அதாவது ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே படம் போகிறது. கேபிள் மட்டமாக இருந்தால் சிக்னலில் ஒரு பகுதி மானிட்டர் முனையில் மோதித் திரும்பி, சிபியூ பக்கம் போய் மறுபடியும் மானிட்டருக்கு வரும். 5 மீட்டர் கேபிளில் அந்தக் கூடுதல் 10 மீட்டரைக் கடக்கச் சுமார் 50 நானோ செகண்ட் ஆகும். 1920 x 1080 படத்தில் அது 7 பிக்சல் தூரம். படம் இடமிருந்து வலமாக வரையப்படுவதால், தாமதமாக வருவது வலப்பக்கம் நிழலாக விழுகிறது. ஹெச்டிஎம்ஐ கேபிளில் போவது டிஜிட்டல் சிக்னல், அதில் இப்படி நிழல் வராது. அசையும் படத்தில் மட்டும் பின்னால் வால் போல இழுத்தால் அது வேறு சங்கதி. அதற்கு மெனுவில் ஓவர்டிரைவ் (பிக்சல்கள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் வசதி) அளவை மாற்றிப் பாருங்கள். ரொம்பக் கூட்டினால் ஓரங்களில் வெள்ளையாக இன்னொரு நிழல் வரும், நடு அளவில் விடுங்கள்.

எனக்கு வயிறு எரிந்தது இதற்கப்புறம்தான். என் மானிட்டர் திரையிலேயே கீழே இடது மூலையில் எப்போதும் பச்சையாக எரியும் ஒரு பழுதான பிக்சல் புள்ளி உண்டு. வாங்கிய வருடத்திலிருந்தே இருப்பது. 'புதுப் பேனல்' போட்டு வந்த பிறகும் அந்தப் புள்ளி அதே இடத்தில் எரிகிறது! பேனலை மாற்றவே இல்லை. அதுவும் போகட்டும். அவர் கடையில் அவருடைய கேபிளில் மாட்டியிருந்தால் நிழலே வந்திருக்காது. ஒன்று, மாட்டிப் பார்க்கவே இல்லை. இல்லை, பார்த்துவிட்டுத்தான் பணம் கேட்டிருக்கிறார்.

சந்தேகம் வந்தால் முதலில் கேபிளைப் பிடுங்குங்கள். சிக்னல் இல்லை என்று திரையில் வரும் எழுத்து தெளிவாக இருந்தால், பேனல் மாற்ற என்று மானிட்டரை யாரிடமும் தராதீர்கள். தந்தே ஆக வேண்டும் என்றால், பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணைத் திறந்து காட்டச் சொல்லிப் போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய பேனலையும் கையில் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், இப்போது போனை எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபேயில் பணம் அனுப்பிய விவரத்தையும், "பேனல் மாத்தியாச்சு" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் ஆதாரமாக வைத்திருக்கிறேன்.