ஹாஷ் லிங்க் ரீடைரக்ட்: சுங்குடிக் கடை சைட்ல ரொம்ப நாள் ஓட்டிப் பார்த்தது

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிக் கடை, அவங்க சைட்டை நான்தான் பாத்துக்கிறேன். முன்னாடி எல்லாமே ஒரே பக்கம், லிங்க் பூரா கடைசியில #காட்டன் மாதிரி இருக்கும், அதையே கியூஆர் ஆக்கி துணிப்பையில அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க. அப்புறம் தனித்தனி பக்கமா பிரிச்சோம். ஆனா அந்தப் பை இன்னும் ஊரு பூரா சுத்துதே, ஸ்கேன் பண்ணா சரியான பக்கம் வரணும்ல. அப்படிப் பழைய லிங்க்ல வர்றவங்களைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பி விடுறதுதான் ரீடைரக்ட்.

ஹாஷுக்கு, அதாவது அந்த # குறிக்குப் பின்னாடி இருக்கிறது சர்வருக்குப் போகவே போகாதுங்க, பிரவுசரே வச்சுக்கும். மாட்டுத்தாவணியில இறக்கி விட்டதோட கண்டக்டர் வேலை முடிஞ்சுது, நீங்க எந்தச் சந்துக்குப் போறீங்கன்னு அவருக்குத் தெரியாதுல்ல, அந்தக் கதைதான். அதனால அப்பாச்சி (சைட்டை ஓட்டுற சர்வர் சாஃப்ட்வேர்) ரீரைட் ரூல்ல, அதாவது அட்ரஸை மாத்தி அனுப்புற விதியில, அதைத் தேடி என்ன எழுதினாலும் மேட்ச் ஆகாது. முகப்புப் பக்கத்துல ஜாவாஸ்கிரிப்ட் வச்சு ஹாஷைப் படிச்சு, லொக்கேஷன் ரீப்ளேஸ்ல புதுப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். ரீப்ளேஸ்தான் போடணும், இல்லன்னா பேக் பட்டனை அமுக்குறவரு திரும்பத் திரும்ப அங்கயே வந்து மாட்டிக்குவாரு. வச்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் தொந்தரவே இல்ல, புதுப் பக்கம் வந்தா ஒரு வரி சேப்பேன், அம்புட்டுதான்.

எதிர்ப்பக்கம், அதாவது பழைய அட்ரஸ்ல இருந்து ஹாஷ் உள்ள இடத்துக்கு அனுப்புறது, சர்வர்லயே முடியும். ரூல் கடைசியில என்ஈ ஃப்ளாக் (NE, குறிகளை மாத்தாம அப்படியே விடச் சொல்றது) மட்டும் போடுங்க, விட்டா ஹாஷ் %23 ஆகி 404, அதாவது பக்கமே இல்லன்னு அடிக்கும். டெஸ்ட் பண்றப்ப 302 (தற்காலிக ரீடைரக்ட்) போடுங்க, 301-ஐ (நிரந்தர ரீடைரக்ட்) பிரவுசர் புடிச்சு வச்சுக்கும், அப்புறம் ரூலை மாத்தினாலும் பழைய இடத்துக்கே போய் நிக்கும்.

எனக்குப் புடிச்சது இதுதான்: ரீடைரக்ட் ஆகுற அட்ரஸ்ல ஹாஷ் இல்லன்னா பழைய ஹாஷை பிரவுசரே ஒட்டிக்கிட்டுப் போகும். எச்டிடிபிஎஸ்க்கு மாறினப்ப பை லிங்க் ஒண்ணுகூட சாகல.

புடிக்காதது, எந்தப் பையில இருந்து வந்தாங்கன்னு சர்வர் லாக்கைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. அப்புறம் தமிழ் ஹாஷ். "தம்பி, தமிழ்ல போட்டா அழகா இருக்கும்ல"ன்னு கடைக்கார அண்ணே ஆசைப்பட்டதுதான், ஆனா தமிழ் எழுத்தெல்லாம் அட்ரஸ்ல % போட்ட குறியா மாறி, காட்டன்ங்கிற சொல் மட்டும் 63 கேரக்டரா விரியுது, கியூஆர் புள்ளி புள்ளியா நெருங்கி சின்ன சைஸ்ல அச்சடிச்சா ஸ்கேனே ஆக மாட்டேங்குது, ஸ்கிரிப்ட்லயும் அதைத் திரும்பத் தமிழாக்கி (டீகோட் பண்ணி)த்தான் ஒப்பிடணும். அதான் புதுப் பையில ஹாஷே இல்ல, பக்கத்தோட நேர் அட்ரஸைச் சின்னதா குடுத்தாச்சு.