கொத்தவரைப் பசையோடு நாலு வருஷம்

போன வாரம் அயனாவரத்துக் கூட்டாளி ஒருவன் போன் பண்ணி, "மச்சி, குவார் கம் விலை இறங்கியிருக்காமே, ஒரு மூட்டை எடுத்துப் போடட்டுமா?" என்று கேட்டான். துணிச் சாயத்தைக் கெட்டியாக்குகிற கொத்தவரைப் பசைதான் அது. கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குக் காலையில்தான் 20 லிட்டர் பக்கெட்டில் மிஞ்சின பேஸ்ட்டைத் தூக்கிக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

நான் கொருக்குப்பேட்டையில் ரெண்டு டேபிள் போட்டு பாலியஸ்டர் புடவைக்கு ஸ்க்ரீன் பிரிண்ட் அடிக்கிறவன். சாயத்தைக் கெட்டியாக்க அப்பா காலத்தில் புளியங்கொட்டை மாவுதான். அதை அடுப்பில் வைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக் கிண்டித் தோள்பட்டை போய்விடும். கொத்தவரை விதையில் எடுக்கிற குவார் பச்சைத் தண்ணீரிலேயே கரையும். மானோஸ் என்கிற சர்க்கரையைக் கோத்த நீளச் சங்கிலி அது, சுமார் 2 மானோஸுக்கு 1 காலக்டோஸ் (இன்னொரு சர்க்கரை) கிளை. கிளைகள் நெருக்கமாக இருப்பதால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்க முடியாது, தண்ணீர் சுலபமாக உள்ளே போய்விடும். கேரப் மரத்து விதைப் பசையில் 4-க்கு 1 கிளைதான், அதனால் அது சூடு கேட்கும். எனக்கு மிச்சம் கேஸ் சிலிண்டர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். பக்கெட்டில் இருக்கும்போது அசையாமல் இட்லி மாவு மாதிரி நிற்கும். ஸ்க்வீஜியை, அதாவது சாயத்தை இழுக்கிற ரப்பர் பட்டையை, வைத்து இழுத்த அந்த நொடியில் இளகி, வலைக்கண் வழியாக வழுக்கிக்கொண்டு இறங்கும். ஸ்க்ரீனைத் தூக்கினால் மாங்காய் டிசைனின் மயிரிழைக் கோடு கூடப் பரவாமல் போட்ட இடத்தில் நிற்கும். தேனை மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் அதன் பிடிவாதம் ஒன்றுதான். இது அப்படியில்லை. சிக்குப் பிடித்த தலைமுடியில் சீப்பு போனால் ஒரு பக்கமாகப் படிகிற மாதிரி, தள்ளுகிற வரைக்கும் சங்கிலிகள் போகிற திசைக்குப் படியும், கையை எடுத்தால் திரும்பவும் சிக்கிக்கொள்ளும். நாலு வருஷம் ஆகியும் ஸ்க்ரீனைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிறேன்.

இன்னொன்று நம்ம ஏரியாத் தண்ணீர். போர்வெல்லில் வருவது உப்பும் சுண்ணாம்பும். காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் அடிக்கிறவர்கள் போடுகிற ஆல்ஜினேட் என்கிற கடற்பாசிப் பசை இந்தத் தண்ணீரில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு திப்பி திப்பியாகிவிடும், மருந்து போட்டுத் தண்ணீரைச் சரிபண்ண வேண்டும். குவாருக்கு மின்னேற்றம் கிடையாது, உப்பைக் கண்டுகொள்ளாது. லாரித் தண்ணீருக்காக வேலையை நிறுத்திவைத்த நாள் எனக்கு இல்லை.

சரி, இப்போது வயிற்றெரிச்சல். சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போய், பாதிப் பக்கெட் பேஸ்ட் மிஞ்சியது. மூடி வைத்தேன். திங்கட்கிழமை திறந்தால் புளித்த கஞ்சி வாடை, குச்சியை விட்டால் வடித்த தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இது முதல் தடவை இல்லை. ஆரம்பத்தில் ஒரு வருஷம், டேபிளில் நின்ற பையன்தான் வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று தண்ணீர் கலக்கிறான் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். "இல்லண்ணே, சத்தியமா நான் ஊத்தலண்ணே" என்பான். ஒரு நாள் பக்கெட்டை என் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். காலையில் அதே தண்ணீர்தான். அதற்குள் அவன் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

கத்திரி வெயிலில் கிருமிகள் பெருகி, அவை விடுகிற என்சைம் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. நீளம் போனால் கெட்டித்தன்மை போச்சு, திரும்ப வராது. மேலே இன்னும் கொஞ்சம் பவுடர் தூவிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நான் நினைத்து ஒரு கிலோ பாழாக்கினேன். என்சைம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, புதிதாகப் போட்டதையும் நறுக்கும். பக்கெட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவாமல் புதுப் பேஸ்ட் கலக்கினாலும் அதே கதைதான். பிரிசர்வேட்டிவ் போட்டால் ஓரளவு தாங்கும், கண்ணும் எரியும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கிறவர்கள் இதே குவாரை வெங்காரச் (போராக்ஸ்) சத்து சேர்த்து ஜெல்லியாக்கி, மணலைச் சுமந்து போகக் கிணற்றுக்குள் தள்ளுகிறார்கள். மணல் போய்ச் சேர்ந்ததும் அது திரும்ப இளகி வெளியே வர வேண்டுமே, அதற்காகவே என்சைமைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள்! எனக்கு நஷ்டமாக வருவது அவர்களுக்குச் சரக்கு. அவர்கள் அள்ளி அள்ளி வாங்கித்தான் 2012-ல் விலை எங்கோ போய், இங்கே அதன் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். நம்ம வீட்டில் பொரியல் பண்ணினால் தட்டில் ஒதுக்கி வைக்கிற காய்.

கலக்குவது பற்றிப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் ஊறி உள்ளே காய்ந்த மாவாக மீன் கண் மாதிரி கட்டி நிற்கும், அது ஸ்க்ரீனை அடைக்கும். சுழலுகிற தண்ணீரில் தூவித் தூவிப் போடுங்கள். அளவையும் கண்ணால் பார்த்துப் போடாதீர்கள், ரெண்டு மடங்கு போட்டால் பத்து மடங்குக்குக் கிட்டக் கெட்டியாகிவிடும்.

மச்சி, நீ அடிப்பது காட்டன் நைட்டி. உனக்கு இது வேண்டவே வேண்டாம். ரியாக்டிவ் சாயம் துணியைப் பிடிக்கிற மாதிரியே குவாரையும் பிடித்துக்கொள்ளும், கலர் வீணாகும், அலசினாலும் பசை போகாமல் துணி அட்டை மாதிரி நிற்கும். பாலியஸ்டர்காரர்கள் கேட்டால் அஞ்சுக்கு ரெண்டு மார்க் என்று சொல்லு. மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் நாலு வரும் என்று தெரியும். போன மாதம் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கும்போது அந்தப் பையன் பக்கத்துச் சைக்கிளில் இருந்தான். கேட் திறக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.