மேல் கடைவாயில் ‘மூன்றே நாளில் பல்’: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிச்சிருங்க

கோபிச்செட்டிபாளையம் பக்கத்து ஊர்க்காரம்மா, வயது 62. மேல்வாயில் இடது பக்கம் முதல் கடைவாய்ப்பல் இல்லை. டவுனில் ஒரு கிளினிக்கில் இம்ப்ளான்ட் (பல் வேருக்குப் பதிலாக எலும்பில் இறக்கும் உலோகத் திருகு) திருகி, மூன்றாம் நாளே கேப் மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது வாரம் மெல்லும்போது ஆட்டம். ஏழாவது வாரம் கேப்போடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. "உங்க எலும்பு பூஞ்சையா இருக்குதுங்கம்மா, நாங்க என்னங்க பண்றது?" என்று கையை விரித்தார்கள். பணமும் திரும்பவில்லை.

எலும்பு பூஞ்சைதான் (கெட்டியில்லாமல் மென்மைதான்), அது நிஜம். ஆனால் அது பிறகுதான் தெரிந்தது என்பதை நம்ப முடியாது. எலும்பின் கெட்டித்தனத்தை டி1 முதல் டி4 வரை பிரிப்பார்கள். கீழ்த்தாடை முன்பக்கத்தில் கிடைக்கும் டி1 வேலமரம் மாதிரி. டி4 முருங்கை மரம்: மேலே மெல்லிய ஓடு, உள்ளே சல்லடை. அது அதிகம் இருக்கும் இடமே மேல் கடைவாய்தான். பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்தம்மா ஃபைலில் இருந்தது ஒரு ஓபிஜி எக்ஸ்ரே (இரண்டு தாடையும் ஒரே தட்டைப் படமாக வருவது), ஒரு பில். அவ்வளவுதான். ஓபிஜி எலும்பின் உயரத்தை ஓரளவு காட்டும், அகலத்தைக் காட்டாது. சிபிசிடி என்கிற 3டி ஸ்கேன் எடுத்திருந்தால் அகலம், சைனஸ் தரை (மேல் கடைவாய்க்கு மேலே உள்ள காற்றறையின் அடிப்பக்கம்) வரை உள்ள தூரம், மேல் ஓட்டின் கனம் எல்லாம் முன்னாடியே தெரிந்திருக்கும். பில்லில் இம்ப்ளான்ட் கம்பெனிப் பெயர் கிடையாது. டப்பாவில் வரும் ஸ்டிக்கரும் (அளவு, லாட் எண் அதில்தான் இருக்கும்) ஒட்டப்படவில்லை.

மென்மையான எலும்பில் வேலை கெடுவது பெரும்பாலும் டிரில்லில்தான். இம்ப்ளான்ட்டுக்கு ஏறக்குறைய சமமான துளை போட்டுவிட்டால் மரைக்குப் பிடி கிடைக்காது. 4.2 மி.மீ. இம்ப்ளான்ட் என்றால், கெட்டி எலும்பில் 3.6 வரை போகிற இடத்தில் இங்கே 2.8-லேயே நிறுத்துவது உண்டு. கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துளையின் வாயை விரிக்கும் டிரில்லையும் மரை வெட்டும் டேப்பையும் தொடவே கூடாது. அந்த மெல்லிய மேல் ஓடுதான் இருக்கிற ஒரே நல்ல பிடி, அதையும் சீவிவிட்டால் என்ன மிஞ்சும்?

இன்னொரு வழி, எலும்பை வெட்டி வெளியே தள்ளாமல் சுவரோடு அமுக்குவது. டென்சா என்கிற இதற்கான தனி டிரில்லை இடஞ்சுழியாக நிமிடத்துக்கு 800 முதல் 1500 சுற்றில், தண்ணீர் தாராளமாக விட்டு, மேலும் கீழுமாகக் குத்திக் குத்தி ஓட்டுவார்கள். தண்ணீர் குறைந்தால் சூடேறும். 47 டிகிரியில் ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு சாகத் தொடங்கும். 1994-இல் சம்மர்ஸ் என்ற பல் மருத்துவர் சொன்ன ஆஸ்டியோடோம் முறையில், உளி மாதிரிக் கருவியைச் சுத்தியலால் தட்டி அமுக்குவார்கள். பலன் உண்டு, ஆனால் சிலருக்குப் பிறகு தலைசுற்றல் வரும். இம்ப்ளான்ட்டும் நுனி குறுகி, மரை ஆழமாக உள்ளதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நுனி சைனஸ் தரையின் கெட்டி ஓட்டைக் கவ்வினால் இன்னும் நல்லது.

திருகி முடிக்கும்போது மெஷினில் டார்க் எண் (எவ்வளவு இறுக்கமாகத் திருகியது என்ற அளவு) வரும். உடனே பல் வைக்க 35 நியூட்டன் சென்டிமீட்டராவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐஎஸ்க்யூ அளவு (இம்ப்ளான்ட் ஆடாமல் நிற்கிறதா என்று கருவியில் பார்ப்பது, 100 வரை போகும்) 70-க்கு மேல் இருந்தால் தைரியம், 60-க்குக் கீழே என்றால் காத்திருக்கணும். டார்க் 15, 20 என்றே நின்றால் தப்பில்லை. மூடி போட்டு, ஈறைத் தைத்து, 4 முதல் 6 மாதம் விட்டுவிட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அந்தம்மா ஃபைலில் இந்த இரண்டு எண்ணும் இல்லை.

ஐந்தாவது வாரம் ஆடியதற்கும் காரணம் உண்டு. முதலில் தாங்குவது மரையின் இறுக்கம். அந்தப் பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வருவதற்குள், மூன்று நான்கு வாரத்தில் பிடி மிகக் குறைந்துபோகும். அந்த நேரத்தில் கேப் மேல் முறுக்கு கடித்தால் இம்ப்ளான்ட் நுண்ணளவில் அசையும். 150 மைக்ரானைத் தாண்டி அசைந்துகொண்டே இருந்தால் சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். அதனால்தான் வலியில்லாமல் கழன்றது.

‘மூன்று நாள்’ வைத்தியமே பொய் என்று சொல்லவில்லை. முழு வாய்க்கும் பல இம்ப்ளான்ட்டை ஒன்றோடொன்று கட்டி வைத்தால், டார்க் கிடைத்தால், நடக்கும். அந்த விளம்பரத்தைக் காட்டி ஒற்றை மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பணம் வாங்குவதுதான் ஏமாற்று.

அட்வான்ஸ் கொடுக்கும்முன் கேட்க வேண்டியது: சிபிசிடி படம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, திருகியபின் டார்க் எண், ஸ்டிக்கர். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்க, அதை மறைத்தால் ஆபத்து வேறு மாதிரி. பில்லில் இம்ப்ளான்ட்டின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்க. அது இல்லாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதைக் காட்டுவது? புகார் கொடுக்க இரண்டு வருடம் கெடு.

கழன்ற குழியில் அன்றைக்கே பெரிய இம்ப்ளான்ட்டைத் திருகித் தருகிறோம், பாதிப் பணம் போதும் என்று இப்போது அதே கிளினிக் கூப்பிடுகிறது. நார்த்திசுவைச் சுரண்டி எடுத்து, குழி எலும்பால் நிரம்ப மூன்று நான்கு மாதமாவது விட வேண்டும். அதுவரை அந்தம்மா வலது பக்கம்தான் மெல்லணும்.