மூளை சிப்: மண்டையோட்டுல ஓட்டை போடணுமா, கழுத்து ரத்தக்குழாய் வழியா போகணுமா?

நினைப்பாலயே கம்ப்யூட்டர இயக்க மூளை சிப் செய்யற கம்பெனின்னா ஆளாளுக்கு நியூராலிங்க் நியூராலிங்க்னு சொல்றாங்க, சின்க்ரான்னு இன்னொரு கம்பெனி இருக்கறதே நிறைய பேருக்கு தெரியல.

நியூராலிங்க் பண்றது இதுதான், மண்டையோட்டுல காசு சைஸ்ல ஓட்டை போட்டு, முடிய விட மெல்லிசா 64 இழைய ரோபோ வச்சு மூளைக்குள்ள இறக்குவாங்க, அதுல மூளை சிக்னல பிடிக்கிற எலக்ட்ரோடு மொத்தம் 1024. 2024 ஜனவரில முதல் ஆளு நோலண்ட் ஆர்பாவுக்கு வச்சாங்க, கழுத்துக்கு கீழ அசைவு இல்லாத மனுஷன் நினைப்பாலயே செஸ் ஆடுனாரு. ஆனா சில வாரத்துலயே நிறைய இழை வெளிய நழுவிடுச்சு, அப்புறம் சாஃப்ட்வேர மாத்தி சமாளிச்சாங்க.

சின்க்ரான் மூளைய தொடறதே இல்ல. இதயத்துல ஸ்டென்ட் வைக்கிற மாதிரி கழுத்து ரத்தக்குழாய் வழியா எலக்ட்ரோடு வச்ச சின்ன வலைக்குழாய கொண்டு போய், மூளை மேல ஓடுற பெரிய சிரைக்குள்ள விரிச்சு விட்டுடுவாங்க, அதுலேருந்து ஒயர் நெஞ்சுல தோலுக்கடில இருக்கற பெட்டிக்கு வரும். எலக்ட்ரோடு வெறும் 16, அதனால வேகம் கம்மிதான், மெனு செலக்ட் பண்ண, மெசேஜ் அனுப்ப ஓகே. 2021-லயே ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் இத வச்சு ட்வீட்டே போட்டாரு.

வேகம்னா நியூராலிங்க்தான், சந்தேகமே இல்ல. ஆனா எங்க வீட்டுல யாருக்காவது வேணும்னா நான் சின்க்ரானதான் கேப்பேன், மண்டைய திறக்காம முடியுதுல்ல. ரெண்டுமே இன்னும் ட்ரையல்தான், கடைல கிடைக்காது.