ஸ்கேனுக்கும் ரிப்போர்ட்டுக்கும் இடையில்: துணைவருக்கான உளவியல் ஆலோசனைச் சேவை

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவரின் கணவனுக்கோ மனைவிக்கோ மருத்துவமனைகள் சில தனியாக உளவியல் ஆலோசனை தருகின்றன. என் மனைவியின் மறுபரிசோதனைக் காலத்தில் நான் பயன்படுத்திவரும் அப்படியொரு சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை.

அவருக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்ததும் ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்: முதல் 2 ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. (இந்த நோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை, 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன், ஓராண்டு அளவில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஒரு கொலனோஸ்கோபி, அதன்பின் பொதுவாக இடைவெளி கூடி 5 ஆண்டுகள் வரை. இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் திரும்பும் என்பதால்தான் தொடக்கத்தில் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கிறார்கள். காரணம் புரிந்திருந்தும், தேதி நெருங்க நெருங்க எனக்கு உறக்கம் போய்விடும். சிகிச்சையை உடம்பில் தாங்கியவரே தைரியமாக இருக்கும்போது நான் எப்படிக் கலங்கலாம் என்ற கூச்சம் வேறு.

ஆலோசகர் முதலில் கைவைத்தது அந்தக் கூச்சத்தின் மேல்தான். நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் துணைவருக்கு நோயாளியின் அளவுக்கும், சில சமயம் அதைவிடக் கூடுதலாகவும் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று என்று அவர் விளக்கினார். பிறகு வெப்பமானி போல வரைந்த ஒரு தாளைக் கொடுத்து, 0 முதல் 10 வரையுள்ள எண்களில் கடந்த வாரத்து மன உளைச்சலைக் குறிக்கச் சொன்னார். 4 அல்லது அதற்கு மேல் குறித்தால் கூடுதல் கவனம் தேவை என்பது பொதுவான அளவுகோல். என் மனைவியைப் பற்றி எதுவும் கேட்காமல் என்னைப் பற்றி மட்டும் கேட்ட முதல் தாள் அது. இந்தச் சேவையின் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததும் அதனால்தான்.

'நல்லதையே நினையுங்கள்' என்ற அறிவுரை இங்கே கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஃபிலிஸ் புட்டோ தலைமையிலான குழு நோய் திரும்பும் பயத்தைப் பற்றி 2017-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்ட பயிற்சிகளைத் தழுவியே அமர்வுகள் நடக்கின்றன. பயத்தை விரட்டப் போராடாமல், கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்பப் பழக்குகிறார்கள். அந்த ஆய்வு நோயாளிகளிடம் நடந்தது, துணைவர்களிடம் அல்ல என்பதை ஆலோசகர் தாமாகவே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, ஸ்கேனுக்கும் ரிப்போர்ட்டுக்கும் இடைப்பட்ட நாட்களுக்காக எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து எழுதச் சொன்ன ஒரு பக்கத் திட்டம். மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே ரிப்போர்ட் கைபேசிக்கு வந்துவிடும் காலம் இது. வந்ததும் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் அவசரம். மருத்துவர் முன்னிலையில் மட்டுமே கேட்பேன் என்பது என் மனைவியின் உறுதி. இது அன்றுவரை எங்களுக்குள் பேசப்படவே இல்லை. அவருடைய உடம்பு, அவருடைய ரிப்போர்ட் என்பதால் அவர் விருப்பமே நிற்கும் என்று எழுதினோம். என் கைபேசியில் அறிவிப்பை நிறுத்தினோம். ஸ்கேன் தேதியை வாங்கும்போதே அதை ஒட்டி மருத்துவர் சந்திப்பையும் வாங்குவது என்று முடிவு செய்தோம். நுரையீரலில் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு முடிச்சு என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தாலே தனியாகப் படிப்பவருக்குத் தலை சுற்றிவிடும். அத்தகைய முடிச்சுகள் ஸ்கேன்களில் சகஜம், பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்று சொல்ல அப்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும். சி.இ.ஏ. அளவும் அப்படித்தான்: புகைபிடித்தல், கல்லீரல் கோளாறு போன்றவற்றாலும் உயரும் என்பதால், ஒருமுறை கூடினால் மறுபடி எடுத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வருவார்கள். இவற்றுக்கெல்லாம் ஆலோசகர் தாமே பொருள் சொல்ல முற்படாமல் புற்றுநோய்ப் பிரிவின் செவிலியரிடம் அனுப்புகிறார். அதுவே முறை.

குறைகளும் உண்டு, ஒன்று பெரியது. ஆலோசனைக்கான தேதியைப் பரிசோதனைத் தேதியோடு இணைக்க எந்த ஏற்பாடும் இல்லாததால், ஒருமுறை ரிப்போர்ட் நல்லபடியாக வந்து மனம் ஆறிய பிறகுதான் எனக்கு அமர்வு கிடைத்தது. காத்திருக்கும் நாட்களில் அழைத்துப் பேச ஒரு எண்ணும் தரவில்லை. பயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் சேவை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமர்வுகள் அலுவலக நேரத்தில் மட்டுமே என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுத்தாக வேண்டும். தளர்வுப் பயிற்சிக்கென்று தரும் ஒலிப்பதிவு சுமார்.

இருந்தும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பதிவு செய்யும்போது ஸ்கேன் தேதியை முன்கூட்டியே சொல்லி, அதற்கு முந்தைய வாரத்தில் ஓர் அமர்வு வேண்டும் என்றும், அது இருவருக்கும் சேர்த்து இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்திக் கேளுங்கள். கேட்காவிட்டால் தாமாகத் தருவதில்லை.